ஸ்லாப்பின் அடியில் ஒரு பெருக்கல் குறி

நேற்று எதிர்வீட்டில் புது ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது. பெட்டிக்குள்ளிருந்து தெர்மாகோலை உருவியபோது எழுந்த கிறீச் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. இந்த வெள்ளை அட்டையில் ஒரு துண்டு இரண்டு வருஷம் முன்பு என்னிடம் இருந்திருக்கலாம்.

அப்போது விருத்தாசலத்தில் ஒரு சிறிய செராமிக் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். எதைப் பார்த்தாலும் உடனே செய்துபார்க்கத் தோன்றும். சூளையில் பொம்மை அடுக்கும் அமுதாக்காவின் வீடு கம்மாபுரம் பக்கம், சுரங்கத்துக்கு எடுத்த நிலத்தில் இருந்தது. ஒருநாள் டீ நேரத்தில் சொன்னார்:

"வூடு போறதுகூடப் பரவால்ல தம்பி. கெணத்துல நாலு கெண்ட இருக்குது. மூடறப்ப அதுங்களயும் சேத்து மூடிடுவாங்க."

டீயைக் கீழே வைப்பதற்குள் எனக்குத் தோன்றிவிட்டது. "எங்கிட்டக் குடுங்கக்கா, தொட்டி வச்சி வளக்கறேன்." எனக்கிருந்த அனுபவம், சின்ன வயதில் தலைப்பிரட்டையை மீனென்று நம்பி பாட்டிலில் வளர்த்ததுதான்.

இரண்டடிக் கண்ணாடித் தொட்டி வாங்கினேன். அறுபது லிட்டர் தண்ணீர் என்றால் அறுபது கிலோ என்று கணக்கெல்லாம் போட்டேன். "அடியில தெர்மாகோல் போட்ருங்க" என்றார் கடைக்காரர். விரலால் அழுத்தினால் பள்ளமாகிற சமாசாரம் அறுபது கிலோவைத் தாங்குமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இரும்பு ஸ்டாண்டின் மேல், கம்பெனிக் குப்பையில் கிடந்த சூளை ஸ்லாப்பைப் போட்டேன். பொம்மைகளை அடுக்கிச் சுடுகிற தடித்த பலகை அது. அவ்வளவு நெருப்பைத் தாங்கியது நாலு மீனைத் தாங்காதா? ஒரு பக்கம் சாக்பீஸில் பெருக்கல் குறி இருந்தது. பார்க்க அசிங்கமென்று அதை அடியில் திருப்பிவிட்டேன்.

கேன் கேனாகக் கிணற்றுத் தண்ணீரும் நான்கு கெண்டைகளும் என் மாடி அறைக்கு வந்தன. மூன்றாம் நாள் காலை பல் துலக்கும்போது 'டிக்' என்று சுவிட்ச் போட்டதுபோல ஒரு சத்தம். அடிக்கண்ணாடியில் குறுக்கே ஒரு கோடு. வாயில் பிரஷ்ஷோடு தொட்டிக்குள் கையை விட்டு, உள்ளங்கையால் அந்தக் கோட்டை அடைக்கப் பார்த்தேன். தண்ணீர் படியிறங்கி ஓடியது. கீழ்வீட்டுக்காரர், "மேல யாருப்பா, ஏரிய ஒடச்சி வுட்டது?" என்றார்.

மீன்களை அள்ளிக் குழாய்த் தண்ணீர் வாளியில் போட்டேன். அதில் பிளீச்சிங் நெடி அடித்தது. மூன்று மிதந்த பிறகுதான், கட்டிலடியில் ஒரு கேன் கிணற்றுத் தண்ணீர் மீதமிருப்பது நினைவுக்கு வந்தது. நான்காவதையும் அந்தக் கேனையும் தூக்கிக்கொண்டு, மொட்டை மாடியில் காலியாகக் கிடந்த டிரம்முக்கு ஓடினேன்.

மாலையில் அமுதாக்கா வந்தார். திட்டவில்லை. ஸ்லாப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்தக் குறி நான் போட்டது தம்பி. சூட்டுல நடு எறங்கிப்போன ஸ்லாப்பு. டிப்ளமோல்லாம் படிச்சிருக்கீங்க, ஒரு நூலு புடிச்சிப் பாக்கக் கூடாதா?"

முந்தானையில் ஒரு நூலை உருவி இரு முனைக்கும் இழுத்துப் பிடித்தார். நடுவில் ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற இடைவெளி. நான் திருப்பிப் போட்டதில் அந்தப் பள்ளம் மேடாகி, மொத்தக் கனமும் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. இடையில் தெர்மாகோல் இருந்திருந்தால் மேடு அதில் அமுங்கிப் போயிருக்கும்.

இன்று அந்தக் கிணறு இல்லை. எங்கே இருந்தது என்று காட்டக்கூட அடையாளமில்லாத மண்மேடு. அமுதாக்கா சேத்தியாத்தோப்புக்குக் குடிபோய்விட்டார். வாராவாரம் போன் செய்வார். "இருக்குதா?" என்பார். எதுவென்று சொல்வதில்லை. "இருக்குதுக்கா" என்பேன்.

நேற்றும் அதையேதான் சொன்னேன். நான்கு நாளாக அந்த ஒற்றைக் கெண்டை டிரம்மில் ஒருக்களித்து நீந்துவதைச் சொல்லவில்லை.

எதிர்வீட்டில் கேட்டு, தெர்மாகோலின் தட்டையான பாகத்தை அறுத்து வாங்கிவந்திருக்கிறேன். பழைய தொட்டிக்கு அடிக்கண்ணாடி மாற்றியாயிற்று. கருவேப்பிலங்குறிச்சி நண்பன் பம்புசெட்டுத் தண்ணீரோடு வந்துகொண்டிருக்கிறான். ஸ்டாண்டில் புது பிளைவுட் பலகை. முதலில் பாதி நிரப்பி, அடியில் விரித்த பேப்பர் ஒருநாள் முழுக்க நனையாமலிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அந்த ஒருநாளை மீன் தாங்கவேண்டும்.

பலகைமேல் நூலை இழுத்துப் பிடித்திருக்கிறேன். நடுவில் ஒரு ரூபாய் நாணயம் நுழையவில்லை. பலகையைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை பிடிக்கவேண்டும்.