முதல் தட்டுக்குக் கீழே

“நான் விழுந்தேன்னு என் வாயால சொல்ற நாள் ஒண்ணு வந்தா, அன்னிக்கே என்னை அள்ளிக் குப்பையில கொட்டிடுங்க.”

எட்டாவது மாடி உயரத்தில், ஒற்றைப் பலகையின்மேல், ஒரு காலை மடித்து மறுகால் முட்டியில் முட்டுக்கொடுத்தபடி, கையிலிருந்த டீயை ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்துக்கொண்டே இந்தப் பிரகடனம் வெளியிடப்பட்டது. எதிரே, கட்டி முடியாத ஜன்னலின் ஓட்டை வழியாகத் தலையை மட்டும் நீட்டி, இடுப்புக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சியவர் இன்ஜினீயர். “கட்டிக்கோய்யா, உனக்காக இல்ல, என் உத்தியோகத்துக்காக” என்றார் அவர். கயிறு கட்டப்படவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தச் சாரம் கட்டும் தொழிலாளிக்குக் ‘கொக்கு’ என்ற பட்டம் கட்டப்பட்டது.

பிரகடனத்துக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருந்தது. சாரத்தில் ஏறி நிற்கப் பலகை போட்ட இடத்துக்குத் தட்டு என்று பெயர். முதல் தட்டுக்கு மேலிருந்து வந்தால்தான் ‘விழுந்தது’. அதற்குக் கீழே எது நடந்தாலும், பல்லே போனாலும், ‘இறங்கியது’. இது வீராப்பு அல்ல, வயிற்றுப்பாடு. விழுந்தவனை மறுநாள் எந்த மேஸ்திரியும் மேலே ஏற்றமாட்டார். இறங்கியவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறலாம். கொக்கு இந்தச் சட்டத்தை வாழ்நாள் முழுவதும் மீறாமல் கடைப்பிடித்தார். வேலையிலிருந்து நின்ற பிறகும் கடைப்பிடித்தார் என்பதில்தான் வந்தது வினை.

எழுபதைத் தாண்டியதும் கொக்கு அடிக்கடி இறங்க ஆரம்பித்தார். குளியலறை வாசற்படியில் ஒருமுறை இறங்கினார். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இறங்கி, எழ வழியில்லாமல் அங்கேயே கிடந்து மின்விசிறியை ஆராய்ச்சி செய்தார். ஒவ்வொரு முறையும் அவரைத் தூக்கி நிறுத்தியவர் மனைவி. அந்த அம்மாளின் எடை அவருடையதில் பாதி.

“ஆனைக்கும் அடி சறுக்கும்ங்க. மகள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமே.”

“ஆனை எந்தச் சாரத்துல ஏறிச்சு? சறுக்கத்தான் செய்யும்.”

“குப்புற விழுந்தும் மீசையில மண் ஒட்டலையாம்! அந்த மீசையையும் வழிச்சாச்சு, இனி மண்ணுதான் எங்க போய் ஒட்டும்?”

கேலி செய்தாலும் அம்மாள் மகளிடம் மூச்சு விடவில்லை. காரணம் உண்டு. மகள் வீட்டில் காலியாக இருந்தது ஒரு சின்ன அறை. ஒரு கட்டில்தான் கொள்ளும். “அப்பா ஒரு தடவை விழுந்தாலும் அம்மா என்கூட, அப்பா முதியோர் இல்லத்துல. இதுல பேச்சே இல்ல” என்று அவள் முடிவாகச் சொல்லியிருந்தாள். நாற்பது வருஷத்துக்கும் மேல் ஒரே கூரையின்கீழ் சண்டை போட்டவர்கள், இனி வேறு வேறு கூரையின்கீழ் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

முட்டிவலிக்குப் பார்த்த டாக்டர், முதியவர்கள் தடுமாறாமல் நிற்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்புக்கு அனுப்பினார். சுகாதார நிலையத்தின் பின்னால் ஒரு கூடம். ஒரு பக்கச் சுவர் நெடுகக் கைப்பிடிக் கம்பி. நடுவில் வெறும் தரை. ஒரு மூலையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பேத்தி வயதுள்ள டீச்சர், வந்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

“ஐயா, போன ஒரு வருஷத்துல எப்பவாவது விழுந்தீங்களா?”

“பொறந்ததுலேருந்து விழல.”

கூடத்தில் பெருமூச்சுகள் எழுந்தன. கூட வந்திருந்த அம்மாள் மட்டும் தன் செருப்பு வாரை மிகுந்த அக்கறையுடன் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

விழுந்தவர்கள் கம்பியோரம், விழாதவர்கள் நடுத்தரை. கொக்கு நடுத்தரைக்கு அனுப்பப்பட்டார். ஒற்றைக்காலில் நின்றார். குதிகாலை விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடந்தார். கம்பியோரத்துக் கூட்டத்தைப் பார்த்து, “என்ன, பஸ் இன்னும் வரலையா?” என்று விசாரித்தார். கூடம் முழுக்க எழுந்த சிரிப்பில் அவர் தள்ளாடியதை யாரும் கவனிக்கவில்லை.

டீச்சர் சொன்னவை இரண்டு. “படுத்தே கிடந்தா கால் நிக்கவே மறந்துடும், தினமும் நிக்கணும். ஆனா வீட்டுல செய்யும்போது சமையல் மேடையைப் பிடிச்சுக்கணும்.” முதலாவதைக் கொக்கு ஏற்றுக்கொண்டார். இரண்டாவது, சமையல் மேடை முதல் தட்டைவிடக் குள்ளம் என்பதால் தள்ளுபடியானது.

ஒருநாள் காலை வீட்டுக் கூடத்தின் நடுவில், ஒற்றைக்காலில், கண்ணையும் மூடிக்கொண்டு நின்றார்.

“கண்ணை மூடச் சொன்னாங்களா அந்தப் பொண்ணு?”

“எட்டாவது மாடியில காத்துல கண்ணே திறக்க முடியாது. இது என்ன, தரை.”

“எதையாவது பிடிங்களேன்.”

“நீ போய் வேலையைப் பாரு.”

அம்மாள் வேலையைப் பார்க்கவில்லை. ஈரக்கையோடு பக்கத்தில் வந்து நின்றார். கொக்கு சாய்ந்தபோது, வழக்கம்போல் இரண்டு கையாலும் தாங்கினார். இம்முறை எடை ஜெயித்தது. அவர் மேலே, அம்மாள் அடியில். உலர்ந்த குச்சி ஒடிவதைப் போல ஒரு சத்தம். சட்டப்படி அந்த வீட்டில் அன்று யாரும் விழவில்லை.

மகள் வந்து சேர்ந்தபோது அம்மாள் முந்திக்கொண்டார். “எனக்குத்தான்டி திடீர்னு தலை சுத்திச்சு. அப்பா அந்தப் பக்கம் இருந்தார்.”

கொக்கு வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். உடைந்த இடுப்பு ஒன்று, தப்பிய குடும்பம் ஒன்று என்று மனம் கணக்குப் போட்டது.

ஆஸ்பத்திரி அந்தப் பொய்யை முழு மரியாதையுடன் நடத்தியது. இடுப்பில் கம்பி வைத்துத் தைத்தார்கள். பிறகு தலைச்சுற்றலின் மூலத்தைத் தேட ஆரம்பித்தார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், மாத்திரையில் அம்மாள் பகலெல்லாம் தூங்கினார். அதே ஆபரேஷன் முடிந்த பக்கத்துக் கட்டில்காரி நடைவண்டியைப் பிடித்துக் கழிவறை வரை போய்வந்தாள். அம்மாள் மல்லாந்தே கிடந்தார். முதுகில் தோல் சிவந்து, பிறகு கிழிந்தது. போர்வைக்கு வெளியே தெரிந்த கெண்டைக்கால், நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. கொக்கு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இவங்களை எப்ப நிக்க வைப்பீங்க?”

“தலைசுத்தி விழுந்தவங்களை எப்படிப் பெரியவரே எழுப்பறது?” என்றார் டாக்டர். “காரணம் தெரியட்டும். மறுபடி விழுந்தா பிழைக்கமாட்டாங்க.”

மகள் டாக்டர் பக்கத்தில் நின்றிருந்தாள். அம்மாள் விழித்திருந்தார். கணவரின் முகம் போகிற போக்கைப் பார்த்து, தலையணைமேல் தலையை மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்தார். வேண்டாம்.

கொக்கு நாற்காலியிலிருந்து எழுந்தார். லேசாகத் தள்ளாடினார். கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அவளுக்குத் தலையே சுத்தல டாக்டர். விழுந்தது நான். அவமேல விழுந்தேன்.”

மகள் டாக்டரை விட்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள். “இதுக்கு முன்னாடியும் விழுந்திருக்கீங்களாப்பா?”

“விழுந்திருக்கேன்.”

“எங்க?”

“குளியலறை வாசப்படியில. கட்டில் பக்கத்துல.” யோசித்தார். “மாடிப்படியில ஒரு தடவை. அது உங்கம்மாவுக்கே தெரியாது.”

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார். நாளைக் காலை நடைவண்டியோடு ஆள் வரட்டும் என்றார். மகள் ஃபோனை எடுத்துக்கொண்டு, முதியோர் இல்லத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறதா என்று கேட்பதற்காக வராந்தாவுக்குப் போனாள்.

அம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கொக்கு கம்பியை விடாமல் அங்கேயே நின்றார்.