பள்ளத்தை மூடிய சங்கம்

பொய் சொல்லாமல் மனை விற்க முடியாது என்று ஒரு காலத்தில் உறுதியாக நம்பினேன். பெரிய பொய் எதுவும் வேண்டாம். "இன்னும் ரெண்டு வருசத்துல பஸ் வந்துருமுங்க", "பக்கத்துலயே ஸ்கூல் வரப்போகுதுங்க" என்ற அளவில் போதும். தொண்ணூறுகளில் சிங்காநல்லூருக்குக் கிழக்கே சோளக்காடெல்லாம் கல் நட்டு மனையாகிக்கொண்டிருந்தபோது, மொபெட்டில் சுற்றிச் சுற்றி மனை விற்ற புரோக்கர்களில் நானும் ஒருத்தி. எங்கள் சங்கத்தில் ஆண்கள் நாற்பது பேர், பெண் நான் ஒருத்தி. கூட்டத்தில் எனக்கு மட்டும் கைவைத்த நாற்காலி போட்டு மரியாதை செய்வார்கள்; பேசத்தான் விடமாட்டார்கள். விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன, நான் பேசிவிடுவேன்.

சொன்ன பொய்களில் ஒன்றுதான் என்னை விடாமல் துரத்தியது. நான் விற்ற ஒரு லே-அவுட்டுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டு. பள்ளம் என்று எங்கள் பக்கம் சொல்வது மழைத்தண்ணீர் ஓடுகிற ஓடையை. பங்குனியில் போனால் அதில் ஆடு மேயும். ஐப்பசியில் போனால் முழங்காலுக்குத் தண்ணீர் இருக்கும். அதனால் நான் பங்குனியிலேயே ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டினேன். வெயில் காலத்தில்தான் இடம் காட்டவேண்டும் என்பது எங்கள் தொழிலில் யாரும் சொல்லித்தராமலே எல்லோருக்கும் தெரியும்.

அப்படி வந்தவர்களில் ஒரு பெண், ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்பவள். புருஷனும் குழந்தையுமாக வந்திருந்தாள். இடத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அக்கா, இது பள்ளமாட்ட இருக்குதுங்களே, மழை பேஞ்சா எப்படிங்க வர்றது?" என்று கேட்டாள். புத்திசாலி. நான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அடுத்த மழைக்குள்ள பாலம் வந்துரும் கண்ணு. சேங்ஷன் ஆயிருச்சு" என்றேன். சேங்ஷனும் இல்லை, ஒன்றும் இல்லை. பாலம் கேட்க எந்த ஆபீசுக்குப் போகவேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

அவர்கள் வாங்கி, வீடும் கட்டிக் குடிவந்துவிட்டார்கள். மழை வந்தது. ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையை ஏற்றிச் செருகி, குழந்தையை இடுப்பில் வைத்துப் பள்ளத்தைக் கடந்தாள் என்று கேள்விப்பட்டேன். ரோட்டோரப் பேக்கரியில் என்னைப் பார்த்தால் பக்கத்தில் வந்து, "அக்கா, பாலம் எப்போ வருதுங்க?" என்பாள். குரலில் கோபம் துளியும் இருக்காது. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பேக்கரிப் பக்கம் போவதை விட்டுவிட்டு, சிங்காநல்லூர்க் குளத்தைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். இப்படியே இரண்டு மழை போனது.

அப்போதுதான் சட்டசபைத் தேர்தல் வந்தது. எங்கள் சங்கத் தலைவருக்கு ஒரு யோசனை தோன்றியது. எந்த வீதியில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்குச் சொந்த ஊர் எது, யார் பேச்சை யார் கேட்பார்கள் என்பதெல்லாம் கட்சிக்காரர்களைவிட எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். எந்த வேட்பாளர் சங்கத்தின் ஒரே ஒரு கோரிக்கையை நேரில் வந்து பார்த்து வாக்குக் கொடுக்கிறாரோ, அவருக்காக நாற்பத்தியொரு பேரும் வீடு வீடாகப் போவோம் என்றார். ஒரே ஒரு கோரிக்கை என்றதும் நாற்பது பேரும் அவரவர் சைட்டுக்கு ஒன்று கேட்டார்கள். ஒருவருக்குத் தெருவிளக்கு வேண்டும், இன்னொருவருக்கு பஸ் ஸ்டாப் வேண்டும். நான் எழுந்து நின்று, பாலம் இல்லையென்றால் இந்தச் சங்கத்தில் நான் இல்லை என்றேன். போனால் போகட்டும் என்று சொல்லிவிடுவார்களோ என்று உள்ளுக்குள் பயம்தான். தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சரிங்க அம்மணி, பாலமே கேப்போம்" என்றார்.

ஒரு வேட்பாளர் பதிலே சொல்லவில்லை. இன்னொருவர் வருவதாகச் சொன்னார். இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்திருந்தவர், பெரிய கட்சிக்காரர். அவர் வருவதற்கு முதல் நாள் நான் குடும்பத்தோடு ஆனைமலைக்குப் போகவேண்டியிருந்தது, மாசாணியம்மனுக்கு வேண்டுதல். ஏற்பாட்டையெல்லாம் தலைவரிடம் விட்டுவிட்டுப் போனேன். அதுதான் நான் செய்த தப்பு.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பள்ளத்தைக் காணோம். டிராக்டரில் செம்மண் கொண்டுவந்து கொட்டி, மட்டமாக நிரவி, தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். கரையில் இருந்த சீமைக்கருவேலம் அத்தனையும் போயிருந்தது. மனைக்கல்லுக்கெல்லாம் புதுச் சுண்ணாம்பு. மாவிலைத் தோரணம், பந்தல், ஒரு பக்கம் இளநீர்க் குவியல். தலைவர் வெள்ளைச் சட்டையில் நின்று, "எப்படிங்க அம்மணி, சைட்டு பளிச்சுனு இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"ஏனுங்க, பள்ளத்தைக் காட்டத்தானே அவரைக் கூப்பிட்டோம்?" என்றேன்.

தலைவர் முகம் மாறியதை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. பாவம், கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லை. யாராவது இடம் பார்க்க வருகிறார்கள் என்றால் குறையை மூடிவைப்பதுதான் எங்களுக்குக் கைப்பழக்கம். நாற்பது பேரில் ஒருவருக்குக்கூட அது வினோதமாகத் தோன்றவில்லை.

அதற்குள் கார்கள் வந்துவிட்டன. வேட்பாளர் இறங்கிச் சுற்றும்முற்றும் பார்த்தார். "அருமையான இடமா இருக்குதுங்களே. இங்க எதுக்குங்க பாலம்?" என்றார். தலைவர் என்ன சொல்வார் என்று எல்லோரும் பார்த்தோம். வேறு என்ன, வாய் தானாகத் திறந்துகொண்டது. "கிழக்குப் பார்த்த மனைங்க. நல்ல தண்ணிங்க. காத்து பாருங்க, ஊட்டிக் காத்தாட்ட இருக்கும்" என்று ஆரம்பித்துவிட்டார். வேட்பாளரும் கேட்டுக்கொண்டே நடந்து, "கார்னர் சைட்டு ஏதாச்சும் மிச்சம் இருக்குதுங்களா?" என்றார். பாலம் கேட்கப் போய் எங்கள் ஆட்கள் மனை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் அந்த மில்காரப் பெண் நின்றாள். ஷிப்டு முடிந்து நேராக வந்திருக்கிறாள், தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. மட்டமாகிப் போன பள்ளத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பேசியிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன்.

நடுவில் புகுந்து, "சார், நீங்க நிக்கற இடமே பள்ளமுங்க" என்றேன். "நேத்துத்தான் மண்ணைக் கொட்டி மூடிப்போட்டாங்க. ஐப்பசியில முழங்கால் தண்ணிங்க இங்க. பாலம் சேங்ஷன் ஆயிருச்சுன்னு பொய் சொல்லித்தானுங்க இத்தனை பேருக்கும் நான் வித்தேன்."

இளநீர் சீவிக்கொண்டிருந்தவர்கூட அரிவாளை நிறுத்திவிட்டார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பது பேரின் சைட்டும் விலை இறங்குவது அவர் காதில் கேட்டிருக்கவேண்டும். மானம் போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்றும் கூடவே இறங்கிப் போய்விட்டது.

வேட்பாளர் காலடியில் இருந்த மண்ணைச் செருப்பால் கிளறிப் பார்த்தார். "அப்ப பாலம் வந்தா?" என்றார்.

"தங்கமான இடமுங்க."

"வரலைன்னா?"

"செருப்பைக் கையில எடுத்துக்கணுமுங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இத்தனை வருசத் தொழில்ல சாமானோட குறையைச் சொல்லி விக்கற ஆளை இப்பத்தானுங்க பார்க்கறேன்" என்றவர், மகளுக்கென்று அந்தக் கார்னர் சைட்டையே எடுத்துக்கொண்டார். ஜெயித்ததும் முதல் வேலை இந்தப் பாலம்தான் என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

நாங்கள் வெயிலென்றும் பாராமல் வீடு வீடாகப் போனோம். எங்கள் ஆட்களுக்கு ஓட்டுக் கேட்கத் தெரியாது, விற்கத்தான் தெரியும். "வில்லங்கமே இல்லாத ஆளுங்க, நம்பி எடுக்கலாமுங்க" என்று ஒருவர் சொன்னதை நானே காதால் கேட்டேன். அந்தக் கோடையில் எல்லோருக்கும் நல்ல வியாபாரம். எங்கள் வேட்பாளர் மட்டும் தோற்றுப்போனார்.

பாலம் அவ்வளவுதான் என்று இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் போன் அடித்தது. தோற்றவர்தான். தேர்தலைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. "ஏனுங்க அம்மணி, பாலம் எப்போ வருதுங்க?" என்றார். அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டேன். அவரும் இப்போது அங்கே மனை வாங்கியவர்தானே.

அவரையே முன்னால் நிறுத்தி, சங்கமும் லே-அவுட்டில் குடியிருப்பவர்களுமாக ஜெயித்தவர் வீட்டுக்குப் போனோம். ஜெயித்தவர் மனுவைப் படித்துவிட்டு, "நீங்க மனை வாங்கின இடத்துக்கு நான் பாலம் கட்டணுங்களா?" என்று கேட்டார். தோற்றவர் அசரவில்லை. "உங்க பேரையே பெருசாப் போட்டுக்கங்க. தினமும் நான் அதைப் பார்த்துட்டே போறனுங்க" என்றார். ஜெயித்தவர் மனுவை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் பாலம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோனது.

அந்த ஐப்பசியில் டிராக்டர் மண்ணையெல்லாம் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அடுத்த ஐப்பசியில் பாலம் இருந்தது. சின்னப் பாலம்தான், ஜெயித்தவர் பேர் பொறித்த கல்வெட்டுத்தான் பெரிது. நல்ல மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் போனேன். அந்தப் பெண் ஷிப்டு முடிந்து வந்துகொண்டிருந்தாள், காலில் செருப்போடு. என்னைப் பார்த்ததும் நின்று, "ஊட்டுக்கு வாங்க அக்கா, காப்பி குடிச்சுட்டுப் போலாமுங்க" என்றாள். அவள் பின்னால் நடந்தேன். மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்தை நான் ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

காப்பியைக் கொடுத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். வேட்பாளர் வந்த அன்றோடு, எங்கே எதிர்ப்பட்டாலும் அவள் பாலத்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்தியிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"சேங்ஷன் ஆகலைன்னு மொத மழையிலயே தெரியுமுங்க அக்கா. நீங்களாச் சொல்லட்டும்னுதானுங்க கேட்டுட்டே இருந்தேன்" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு டம்ளர் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தேன். அதன் பிறகு நான் யாருக்கு மனை காட்டினாலும் மழை நாளில்தான் கூட்டிப்போனேன்.