பேனர் கிழிந்த சத்தம்

காலையில் எங்கள் பேனர் கடையில் யாரோ பழைய ஃப்ளெக்ஸ் ஒன்றை இழுத்துக் கிழித்தார்கள். நான் வேலையை விட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

அந்தச் சத்தத்தை முதன்முதலில் கேட்டபோது நான் ஏழாம் வகுப்பு. அதற்கு முன்பெல்லாம் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்துதான் காரைக்கால் முழுக்கச் சுவர் விளம்பரம் எழுதினார்கள். பிறகு சித்தப்பா கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு தனியாக ஃப்ளெக்ஸ் பேனர் கடை போட்டார். திருமலைராயன்பட்டினத்தில் ஒரு ஜவுளிக்கடைச் சுவரில் அப்பா பட்டுப்புடவைப் பெண் ஒருத்தியை வரைந்து முடித்திருந்தார். கடை திறப்பன்று அதைக் காட்ட என்னையும் அம்மாவையும் கூட்டிப்போனார். முதலாளி சொன்னாரென்று, சித்தப்பா அந்தப் படத்தின் மேலேயே ஃப்ளெக்ஸ் பேனரை அடித்துக்கொண்டிருந்தார்.

“எம் படத்து மூஞ்சியில ஆணி அடிக்கிறியாடா?” அப்பா பாய்ந்து, அங்கே கிடந்த கத்தியால் பேனரைக் கிழித்தார்.

“இனிமே கையால வரையிறத எவன்ணே பாப்பான்?” என்றார் சித்தப்பா.

அப்பா சாரக் கம்பை எடுத்துச் சுழற்றினார். அது சித்தப்பாவின் வலது கண்ணில் இறங்கியது. முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தவரின் விரல் இடுக்கில் ரத்தம் கொட்டியது. அப்பா மறுபடியும் ஓங்கினார். அம்மா குறுக்கே விழுந்து, “அவரு ஒங்க தம்பிங்க! கண்ணு போச்சு, பாருங்க!” என்று அலறினாள். கம்பு நழுவியது. தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பா ரோட்டுக்கு ஓடினார்.

அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பவில்லை. போலீஸ் கேட்டபோது, “சாரத்துலேர்ந்து விழுந்துட்டேங்க” என்றார் சித்தப்பா. அப்பா அவருடைய கடைக்கே வேலைக்குப் போனார். அதைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

அந்தக் கடையில்தான் இப்போது நான் டிசைன் செய்கிறேன். மதியம் இருவரும் சாப்பிடக் கிளம்பினார்கள். ரோட்டில் இறங்கியதும், வழக்கம்போல, அப்பா சித்தப்பாவின் வலது பக்கம் வந்து நடந்தார்.