தாழிக்குள் பால்பல்

"பயப்படாதீங்க அம்மிணி, கெழவிதானுங்க" என்று சொல்லிக்கொண்டே பெருமாயி குழிக்குள் குனிந்து மண்ணைத் தள்ளினாள். உடைந்த தாழிக்குள் சின்னத் தாடை ஒன்று பற்களோடு தெரிந்தது.

அந்தக் காலத்து ஆட்களுக்குச் சாவே வராது. வயதாக வயதாகச் சுருங்கிப் பூனையளவு ஆவார்கள். பிறகு சோறும் விளக்கும் வைத்துத் தாழியில் இறக்கிவிடுவார்கள். புதுச்சத்திரம் பக்கத்தில் எல்லோரும் சொல்வது இது. செத்தவர்கள் எலும்பு இல்லை என்ற அந்தத் தைரியத்தில்தான் பெருமாயி இந்த அகழாய்வுக்குக் கூலியாக வந்து எலும்பில் கை வைத்தாள்.

"கிழவி இல்ல பெருமாயி, குழந்தை" என்றாள் சாரதாமணி. பழங்காலத்துக் குழந்தைகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஆராயச் சென்னையிலிருந்து வந்தவள்.

"கெழவிக்கு மறுக்காப் பல்லு மொளைக்குமுங்க."

மேலே மண்கூடையோடு நின்ற கூலியாள் சின்னான் சிரித்தான். "உனக்கு மொளைக்கறப்ப சொல்லு, கரும்பு வாங்கியாறேன்."

சாரதாமணி தாடையைத் திருப்பிக் காட்டினாள். விழாத பால்பல்லுக்கு அடியில் அடுத்த பல் முட்டிக்கொண்டிருந்தது. ஆறு வயதிருக்கும் என்றாள்.

பெருமாயி கையைச் சேலையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். அவள் மகள் ராசாத்திக்கும் ஆறு வயதில்தான் காய்ச்சல் கண்டது. தாகம் என்று அழுத பிள்ளைக்கு மோர் கொடுத்தாள். மறுநாள் பிள்ளை இல்லை. மோரைக் கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்று மாமியார் பாவாயி அன்று ஆரம்பித்தது, இன்னும் ஓயவில்லை.

குழியிலிருந்து ஏறினாள். தண்ணீர்ப் பானைவரை போய், குடிக்காமல் திரும்பி இறங்கினாள்.

"எதுல செத்துச்சுன்னு எலும்புல தெரியுமுங்களா?"

"சிலது தெரியும். பல்லுல இந்தக் கோட்டைப் பாரு. சின்னதுல பட்டினியோ பெரிய நோயோ வந்து பொழைச்சிருக்கு. கடைசியா எதுல போச்சுன்னு தெரியல."

"மோரு குடிச்சிருந்தா?"

சாரதாமணி நிமிர்ந்து பார்த்தாள். "மோர் குடிச்சு யாரும் சாக மாட்டாங்க."

"அது உங்களுக்குத் தெரியுதுங்க. எம் மாமியாளுக்குத் தெரியோணுமே."

"நான் வந்து சொல்லட்டுமா?"

"ஐயோ சாமி! பட்டணத்துக்காரிய ஊட்டுக்குக் கூட்டியாந்து என்னைய அசிங்கப்படுத்துனியான்னு அதுக்கொரு வருசம் பேசும்."

மறுநாள் தாழியை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் வைத்தார்கள். ஜீப் சேலம் போனது. பெருமாயி வேறொரு குழியில் மண் சலித்தாள். மத்தியானம் தூறியதால் வேலையை நிறுத்தினார்கள். வீட்டில் பாவாயி பழைய பேச்சை எடுத்தாள். புள்ளை காய்ச்சல்லதான் போச்சு, மோரால இல்ல என்று முதல் தடவையாக எதிர்த்துச் சொன்னாள் பெருமாயி. பாவாயி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பெருமாயி கொடியில் கிடந்த துணியை எடுக்க வெளியே போனாள்.