திருப்பத்தூர் போக வேண்டியவன் திருப்பதி பஸ்ஸில்

வேலூர் ஆஸ்பத்திரியில் தம்பியைப் பார்த்துவிட்டு, ஜவ்வாது மலையிலுள்ள என் ஊரான புதூர்நாட்டுக்குத் திருப்பத்தூர் வழியாகத் திரும்பினேன். பஸ் நிலையத்தில் "திருப்பதி" என்று கூவியது எனக்கு "திருப்பத்தூர்" என்று கேட்டது. டிக்கெட் வாங்கியதும் அசதியில் தூங்கிவிட்டேன். ஆந்திர எல்லையில் ஒரு போலீஸ்காரர் எழுப்பி, ஆதாரைப் பார்த்தார்.

"ஜவ்வாது மலையா? செம்மரம் வெட்ட வந்தியா? இறங்கு!"

"பஸ் மாறி ஏறிட்டேங்க" என்றேன். எங்கள் மலைக்காரர்கள் என்றாலே ஆந்திராவில் செம்மரம் கடத்துகிறவர்கள் என்று சந்தேகம்; அவர் நம்பவில்லை. பஸ்ஸே என்னைத் திருடனைப்போல் பார்த்தது.

அப்போது கண்டக்டர் ஓடி வந்தார். "சார், இவரு திருப்பத்தூர்னுதான் கேட்டாரு. கூட்டத்துல நான்தான் திருப்பதிக்கு டிக்கெட் குடுத்துட்டேன்."

விட்டுவிட்டார்கள். கண்டக்டரே என்னை வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

இப்போதெல்லாம் திருப்பத்தூர் பஸ்தானா என்று உறுதி செய்ய, "வாணியம்பாடி வழியாப் போவுமாங்க?" என்று கேட்ட பிறகே ஏறுகிறேன். யாராவது ஊர் கேட்டால் வேலூர் என்று சொல்லிவிடும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். அதற்கு மட்டும் மனம் வரவில்லை.