பதிவேட்டில் பட்ட பெருவிரல்

போருக்குப் பிந்திய மீள்குடியேற்ற காலத்தில், தாழ்வுபாட்டுப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் படம்பிடித்துக் கணினியில் ஏற்றப் போயிருந்தேன். சனங்களோடு இடம்பெயர்ந்து, சனங்களோடு திரும்பி வந்த பதிவேடுகள் அவை.

கோயில் சாவி ஒரு ஒல்லி மனிதரிடம் இருந்தது. கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டை. நான் படம் எடுக்கும்போதெல்லாம் பக்கத்தின் மூலையைப் பெருவிரலால் அழுத்திக்கொள்வார்.

“விரலை எடுங்கோ” என்பேன்.

“காத்து பிரட்டிப்போடும் சேர்.”

எடுக்கவே மாட்டார். எல்லாப் படங்களிலும் அந்த விரலை வெட்டி நீக்குவதே எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

மூன்றாம் நாள் மடிக்கணினியைத் திருப்பி, நான் ஏற்றிய பெயர்ப் பட்டியலைக் காட்டிப் பெருமையடித்தேன். ஒரே பெயர், ஒரே தாய் தகப்பன், ஆனால் இரண்டு பதிவு. அப்படிப்பட்டவற்றில் பிந்தியதைக் கணினியே அழித்துவிடும். திகதிகள் வேறுபட்டதை, எழுதிய குருவானவரின் கவனக்குறைவு என்று கலாநிதிப் பட்டம் பெற்ற என் மூளை முடிவுகட்டியிருந்தது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது ரெண்டு பிள்ளையள் சேர். மூத்தது செத்துப்போனா அந்தப் பேரை அடுத்ததுக்கு வைப்பினம்.” பிறகு திரையில் எஞ்சியிருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். “இது என்ர அண்ணர். நீங்கள் அழிச்சது என்னை.”

பதறிப்போய், அழிந்த பதிவை மீட்க விசைகளைத் தட்டினேன்.

“அவசரப்படாதேங்கோ. அவர் ஒரு கிழமை, ஏழே நாள்தான் உயிரோட இருந்தவர். இதிலயாவது கொஞ்ச நேரம் தனிய இருக்கட்டும்.”

பகிடிக்குச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. சாவிக்காரரின் பதிவு உள்ள பக்கத்தின் படத்தில் மட்டும் பெருவிரலை வெட்டாமல் விட்டிருக்கிறேன்.