சொல்லாமல் வைத்திருந்த ரத்தம்

சிறுநீரில் ரத்தத்தை முதலில் பார்த்தது, நான் சமையல் வேலை செய்யும் பள்ளிக்கூடக் கேன்டீனின் கழிப்பறையில். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போயிருந்தார்கள். மீகோரேங் நூடுல்ஸ் வறுத்த சட்டியை ஊறப் போட்டுவிட்டு உள்ளே போனேன். முந்தின நாள் பீட்ரூட் ஏதும் சாப்பிட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. தண்ணீரை இழுத்துவிட்டு வந்து சட்டியைத் தேய்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மலேசியாவில் சுங்காய்க்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். பதினேழு வயதில் பால்வெட்டப் போனேன். காட்டில் ஒதுங்க மறைவு கிடையாது. வேலை முடியும்வரை அடக்கிக்கொள்வோம். நீர்க்கடுப்பு எங்களுக்குத் தலைவலி மாதிரி. பத்து வருடங்களுக்கு முன் சிறுநீர்ப்பையில் கல் இருப்பதாகச் சொன்னார்கள். எடுக்க வரச் சொன்ன நாளில் மகளுக்குப் பரீட்சை. அப்புறம் வலி குறைந்துவிட்டது. நான் போகவே இல்லை.

ரத்தம் நாலு நாள் நிற்கும், ஐந்தாம் நாள் வரும். துணியில் படக்கூடாதென்று பேட் வைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் இப்படியே போனது. வாய்விட்டுச் சொல்லாதவரை அது ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கண்டுபிடித்தவர் என் கணவர். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், பெண்கள் சமாச்சாரம் எதையும் வாயால் பேசாதவர். கடையில் பொருள்களைப் பைக்குள் எடுத்து வைக்கும்போது அந்தப் பேட் பாக்கெட்டைப் பார்த்திருக்கிறார். காரில் உட்கார்ந்தும் சாவியைத் திருகவில்லை.

“உனக்கு நின்னுபோயி நாலு வருசம் ஆச்சே. இது யாருக்கு?”

மகள் கோலாலம்பூரில் வேலை செய்கிறாள். வீட்டில் வேறு பெண் இல்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. நேராகக் கிளினிக்குக்கு ஓட்டினார். வாங்கிய மீன் பின்சீட்டிலேயே கிடந்தது.

கிளினிக் கொடுத்த கடிதத்தோடு ஈப்போவிலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே கேமரா விட்டுப் பார்த்து, கொஞ்சம் சதை எடுத்தார்கள். முடிவு வரும்வரை எனக்கு வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. அவரோடு லோரியில் ஏறி ஆலைவரை போய் வந்தேன். அவர் டீசல் விலையைப் பற்றிப் பேசுவார். நான் உம் கொட்டுவேன். அடிவயிற்றில் லேசாக இழுத்தாலும் உள்ளே அது வளர்கிறது என்றே தோன்றும்.

மருத்துவர் ஒரு மலாய்ப் பெண், என் மகள் வயதிருக்கும். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புற்றுநோய் என்றார். சிறுநீர்ப்பையில் வழக்கமாக வருவது இல்லையாம். தோலில் இருப்பது போன்ற தட்டை அணுக்களிலிருந்து வருவதாம். ‘ஜாராங்’ என்றார், அரிதானது. கேன்டீனுக்கு எப்போதாவது வருகிற ஆசிரியரைப் பற்றித்தான் அந்த மலாய்ச் சொல்லை நான் சொல்லியிருக்கிறேன். இந்த வகை நோய் மருந்துக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது, சிறுநீர்ப்பையையே எடுத்துவிட வேண்டும், சிறுநீர் வெளியே வர வயிற்றில் ஒரு வழி வைத்து அதன்மேல் பை ஒட்ட வேண்டும் என்றார். கல்லை விட்டுவைத்ததாலா என்று கேட்டேன். நீண்டநாள் கல் ஒரு காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்த ‘இருக்கலாம்’ இன்னும் என்னை விடவில்லை.

அறுவைக்கு முதல்நாள் ஒரு தாதி வந்து என்னை உட்காரவும் குனியவும் சொன்னார். கைலியை எந்த இடத்தில் கட்டுவீர்கள் என்று கேட்டார். பிறகு தொப்புளுக்கு வலப்பக்கம் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, குளிக்கும்போது தேய்க்க வேண்டாம் என்றார். அதுவரை எல்லாமே பேச்சாக இருந்தது. வட்டத்தைக் குனிந்து பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடினேன்.

“வேண்டாங்க,” என்றேன் கணவரிடம். “வீட்டுக்குப் போலாம்.”

அவர் வட்டத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

“போலாம். இத முடிச்சிட்டுப் போலாம்லா.”

கண் விழித்ததும் கை வயிற்றுக்குத்தான் போனது. பை ஒட்டியிருந்தது. நோய் வெளியே பரவவில்லை என்று பிறகு சொன்னார்கள். இரண்டு வருடம் ஆகிறது. கேன்டீனுக்கு அரைநாள் போகிறேன். கூட வேலை செய்யும் பெண்களிடம் ஒன்றையும் மறைக்கவில்லை.

ஸ்கேனுக்கு முந்தின வாரம் சோறு இறங்காது. போன மாதம் மருத்துவர் படத்தைப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்றார். சந்தோஷப்படலாமா என்று நான் நினைப்பதற்குள் அடுத்த தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டார்.